கணக்குப் போட்ட நிரல் எங்கே?

தொலைநோக்கியில் பொருத்திய கேமரா வானியலாளருக்குத் தருவது எண்களின் அட்டவணை ஒன்றைத்தான். ஒவ்வொரு படத்துளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதே அதில் இருக்கும். அதிலிருந்து ஒரு விண்மீனின் பிரகாசத்தைப் பெறுவதற்குப் பல வேலைகள் உண்டு. கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க வேண்டும். துளிக்குத் துளி மாறும் உணர்திறனைச் சரிக்கட்ட வேண்டும். காஸ்மிக் கதிர்கள் மோதியதால் உண்டான பொய்ப் புள்ளிகளை நீக்கி, பின்புல வானத்தின் ஒளியை மதிப்பிட்டு அதையும் கழிக்க வேண்டும். இத்தனையும் கணினி நிரல்கள் செய்கின்றன.

இவற்றில் பின்புல ஒளியை மதிப்பிடும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். எமானுவேல் பெர்டினும் ஸ்டெஃபான் ஆர்னூவும் 1996இல் வெளியிட்ட சோர்ஸ் எக்ஸ்ட்ராக்டர் என்ற நிரல் உலகம் முழுவதும் புழக்கத்தில் உள்ளது. விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதியில் அது வெறும் சராசரியை எடுப்பதில்லை. இடைநிலை மதிப்பை இரண்டரையால் பெருக்கி, அதிலிருந்து சராசரியின் ஒன்றரை மடங்கைக் கழித்து, வருவதைப் பின்புலமாக வைத்துக்கொள்கிறது. இது நல்ல காரணத்தோடு செய்த தேர்வு. வேறொரு நிரல் வேறொரு தேர்வைச் செய்யலாம்; அப்போது கடைசியில் கிடைக்கும் பிரகாசமும் சற்றே மாறும். ஆகவே 'இந்த விண்மீனின் பிரகாசம் இவ்வளவு' என்று ஒரு கட்டுரை சொன்னால், எந்த நிரலின் எந்தப் பதிப்பு அதைக் கணித்தது என்பதும் அந்தக் கூற்றின் ஒரு பகுதி. பல ஆண்டுகளாக வானியல் கட்டுரைகள் அந்தப் பகுதியைச் சொல்லாமலே விட்டுவந்தன.

நிரல் எழுதுபவர்கள் யார் என்று பார்த்தால் இதற்கான காரணம் புரியும். 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் 1,142 வானியலாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மென்பொருள் பயன்படுத்தாதவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. 90 விழுக்காட்டினர் தங்கள் மென்பொருளில் ஓரளவாவது தாங்களே எழுதுவதாகச் சொன்னார்கள். மென்பொருள் எழுதுவதில் கணிசமான பயிற்சி பெற்றவர்களோ 8 விழுக்காடுதான். முனைவர் பட்டத்துக்காக மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கும் மாணவர் எழுதிய நிரல் அவருடைய மடிக்கணினியிலேயே இருக்கும். பட்டம் பெற்று அவர் வேறு ஊருக்குப் போனதும் கட்டுரை மட்டும் நூலகத்தில் மிஞ்சும். அந்தக் கட்டுரையின் எண்களைப் பெற்றுத் தந்த கருவி கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

வாக்கியம் என்னும் நிரல்

கணிக்கும் முறைக்குப் பெயரிட்டு, பதிப்பு பார்த்து, பட்டியலிட்டுக் காப்பது சென்னைக்குப் பழகிய வேலை. கணினி வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு கணிப்பு முறை மயிலாப்பூரில்தான் முறையாக அச்சேறியது.

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தி.நகர் கடைகளிலும் விற்கும் பஞ்சாங்கங்கள் இரண்டு வகை. ஒன்று வாக்கியம், மற்றொன்று திருக்கணிதம். பாம்பு பஞ்சாங்கம் முதல் வகையைச் சேர்ந்தது. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவீடுகளைத் தழுவிக் கணிப்பது. வாக்கியம் மரபுவழி அட்டவணைகளைக் கொண்டு கணிப்பது. சனி கும்ப ராசிக்கு மாறும் நாள் திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. ஒரே கோள், ஒரே வானம், இரண்டு விடைகளுக்கு நடுவே பதினொரு மாத இடைவெளி. ஆனாலும் இதனால் குழப்பம் வருவதில்லை. பஞ்சாங்கம் எந்த முறையைச் சேர்ந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியும்; திருநள்ளாறு கோயில் எதைப் பின்பற்றுகிறது என்பதும் தெரியும். விடையோடு முறையின் பெயரும் சேர்ந்தே வருகிறது. நவீன அறிவியல் கட்டுரைகள் பல காலம் தவறவிட்டது இதைத்தான்.

வாக்கிய முறையில் சந்திரனின் இடத்தைக் காணும் வழியைப் படிப்பவர் அதை நிரல் என்று அழைக்கத் தயங்கமாட்டார். கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களின் எண்ணிக்கை இதற்கான உள்ளீடு. அதிலிருந்து 16,00,984-ஐக் கழிக்க வேண்டும். மீதியை 12,372-ஆல் வகுக்க வேண்டும். அதன் மீதியை 3,031-ஆல். அதன் மீதியை 248-ஆல். ஒவ்வொரு வகுத்தலின் ஈவுக்கும் உரிய ஒரு கோண அளவைச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். கடைசி மீதி எந்த எண்ணோ அந்த எண்ணுள்ள வாக்கியத்தை எடுத்துச் சேர்த்தால் சந்திரன் நிற்கும் இடம் கிடைக்கும். வாக்கியங்கள் மொத்தம் 248. சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவான புள்ளியிலிருந்து கிளம்பி மீண்டும் அதே நிலைக்கு வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. அப்படி ஒன்பது சுற்றுகள் முடிவதற்கு 248 நாள். 3,031 நாளில் 110 சுற்றுகளும், 12,372 நாளில் 449 சுற்றுகளும் ஏறத்தாழ மிச்சமின்றி முடிகின்றன. பெரிய வகுஎண்ணிலிருந்து சிறியதற்கு இறங்குவதன் பொருள் இதுதான்.

எண்களை மனப்பாடம் செய்வது கடினம் என்பதால் அவை சொற்களாக மாற்றப்பட்டன. கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 248 என்ற வகுஎண்ணின் பெயர் தேவரம். அதன் முதலெழுத்து 8, வகரம் 4, ரகரம் 2. கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் 248. சந்திர வாக்கியங்களும் இதே வகையில் அமைந்த சிறு சொற்றொடர்கள். முதல் வாக்கியத்தை எண்ணாக விரித்தால் 12 பாகை 3 கலை வரும். மிகத் தொலைவில் இருக்கும்போது சந்திரன் மெதுவாக நகரும். அந்த முதல் நாளின் நகர்வு அவ்வளவு.

இந்த முறையை ஓர் ஐரோப்பியர் நேரில் பார்த்துப் பதிவு செய்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்பை 1805 முதல் 1811 வரை வகித்த ஜான் வாரன், 1825இல் 'காலசங்கலிதம்' என்ற பெருநூலை வெளியிட்டார். புதுச்சேரியில் அவர் சந்தித்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த அட்டவணைகளை மட்டும் கொண்டு அந்த ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுதிவைத்துக்கொள்ளாமலே போட்ட கணக்கு அது. கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். கணக்கின் பின்னால் உள்ள கோட்பாடு அவருக்குத் தெரியாது என்று வாரன் குறிப்பிடுகிறார். கோட்பாடு தெரியாவிட்டாலும் முறை பிசகாமல் ஓடியது. இன்றைய ஆய்வகங்களிலும் நிலைமை பெரும்பாலும் இதுவே: முன்னவர் விட்டுச்சென்ற நிரலைப் பின்னவர் இயக்குகிறார், அதன் உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது.

வாரனின் குறிப்புகளை வைத்து, கணிதவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர் 1952இல் தமிழ் வானியல் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். 248 நாள், 3,031 நாள் சுழற்சிகள் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளிலும் உள்ளவையே என்று அவர் காட்டினார். மத்தியதரைக் கடலோரத்துக்கும் காவிரிக் கரைக்கும் இடையே ஒரு கணிப்பு முறை பயணப்பட்டிருக்கிறது. வழியில் எந்த ஊரில் தங்கியது, யார் எதைத் திருத்தினார்கள் என்பதற்கு ஏடுகள் மட்டுமே சான்று. அந்த ஏடுகளில் முக்கியமான ஒன்று, சுமார் 1300ஆம் ஆண்டில் தமிழ்ப் பகுதியில் எழுதப்பட்ட 'வாக்கியகரணம்'. சுந்தரராஜரின் உரையோடு அதைப் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும். வெளியிட்டது மயிலாப்பூர் குப்புஸ்வாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம், ஆண்டு 1962.

பதிப்பாசிரியர் செய்யும் வேலையை இங்கே நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு சுவடியில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் கதையிலோ துதியிலோ பொருள் சற்றே மாறும், அவ்வளவுதான். கடபயாதியில் எழுத்து பிறழ்ந்தால் எண்ணே மாறிவிடும்; அந்த அட்டவணையை நம்பிக் கணித்த கிரகணம் பொய்க்கும். எனவே பாடபேதங்களைக் குறித்து, எது சரியென்று கணித்துப் பார்த்துத் தேர்வது மொழிப்புலமையும் வானியலும் ஒன்றாய் வேண்டிய வேலை. கே.வி. சர்மா பின்னர் அடையாற்றில் ஓர் ஆராய்ச்சி மையத்தை நடத்தினார். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் சுவடி நிலையங்களில் கிடக்கும் வடமொழி அறிவியல் நூல்களின் பட்டியல் ஒன்றை 2002இல் வெளியிட்டார். அதில் 3,400-க்கும் மேற்பட்ட நூல்கள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகம் 1949 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் 'நியூ கேட்டலோகஸ் கேட்டலோகோரம்' எல்லாத் துறைச் சுவடிகளுக்குமான பெரும்பட்டியல். இந்தப் பட்டியல்களில் ஏறாத சுவடி, பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் ஆராய்ச்சியாளருக்கு இல்லாதது போலத்தான்.

நுங்கம்பாக்க வானாய்வகம் இன்னொரு பாடத்தையும் விட்டுச்சென்றது. டி.ஜி. டெய்லர் 1844இல் வெளியிட்ட மதராஸ் அட்டவணையில் 11,015 விண்மீன்களின் இடங்கள் இருந்தன. முடிவுகளை மட்டும் தராமல், அவற்றுக்கு அடிப்படையான அளவீடுகளையும் டெய்லர் தொகுதிகளாக அச்சிட்டிருந்தார். அதனால் 1901இல் டௌனிங் என்ற வானியலாளரால் அந்த அட்டவணையின் திருத்திய பதிப்பைக் கொண்டுவர முடிந்தது.

பதிவேடு பிறந்த கதை

கணினிக் காலத்தில் நிரல்களைச் சேர்த்துவைக்க முதலில் முனைந்தவர்கள் இயற்பியலாளர்கள். 1969இல் தொடங்கிய 'கம்ப்யூட்டர் ஃபிசிக்ஸ் கம்யூனிகேஷன்ஸ்' இதழ் கட்டுரையோடு நிரலையும் வாங்கிக்கொண்டது. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு நிரல் நூலகம் இயங்கியது. வானியலில் அப்படி ஒன்று அமைய இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

1999இல் ராபர்ட் நெமிராஃபும் ஜான் வாலினும் 'ஆஸ்ட்ரோஃபிசிக்ஸ் சோர்ஸ் கோட் லைப்ரரி'யைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஏ.எஸ்.சி.எல். நிரலை எழுதியவர்கள் தாங்களாகவே கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. அது நடக்கவில்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகும் சில டஜன் நிரல்களே சேர்ந்திருந்தன. 2010இல் ஆலிஸ் ஆலன் ஆசிரியர் பொறுப்பேற்றதும் அணுகுமுறை தலைகீழாயிற்று. நிரல் வந்து சேரும்வரை காத்திராமல், ஆசிரியர் குழுவே கட்டுரைகளைப் படித்து, அவற்றில் பயன்பட்ட நிரல் எங்கே இருக்கிறது என்று தேடி, பதிவு செய்யத் தொடங்கியது. நிரலைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் தளர்ந்தது. இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டினால் போதும். பதிவேட்டில் இப்போது 3,000-க்கும் மேற்பட்ட நிரல்கள் உள்ளன. இந்த வளர்ச்சிக்குக் காரணம் தொழில்நுட்பம் என்று சொல்ல முடியாது. ஒரு சிலர் உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாகப் படித்ததுதான் காரணம்.

ஒரு பதிவில் இருப்பவை அதிகமில்லை. நிரலின் பெயர், எழுதியவர்கள், அது செய்யும் வேலையை விளக்கும் ஒரு பத்தி, மூலநிரல் கிடைக்கும் முகவரி, அதைப் பயன்படுத்திய கட்டுரை, மேற்கோள் காட்ட வேண்டிய முறை, ஓர் எண். பைத்தான் மொழியில் வானியலாளர்கள் கூட்டாக எழுதிவரும் ஆஸ்ட்ரோபை தொகுப்பின் எண் 1304.002. அதாவது 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் இடப்பட்ட இரண்டாவது பதிவு. விண்முகில்களில் உள்ள வாயுவின் நிறமாலையைக் கணிக்கும் கிளவுடி என்ற பழைய நிரலின் எண் 9910.001; 1999 அக்டோபரில் பதிவேடு பிறந்த காலத்தது. பதிவில் இடம்பெற, நடுவர்கள் மதிப்பிடும் இதழுக்கு அனுப்பிய அல்லது அதில் வெளியான ஆய்வில் அந்த நிரல் பயன்பட்டிருக்க வேண்டும். மூலநிரலை மற்றவர் பார்க்க வழி இருக்க வேண்டும். நிரல் அழகாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி இல்லை. இது மிகச் சரியான முடிவு. அழகாக இல்லையே என்ற கூச்சத்தில்தான் பலர் தங்கள் நிரலை மறைத்துவைக்கிறார்கள். ஆய்வின் முடிவைத் தந்ததோ அந்த அழகற்ற நிரல்தான்.

எண் எதற்கு என்ற கேள்விக்கு ஏ.டி.எஸ். என்ற தரவுத்தளம் விடை தருகிறது. நாசாவின் ஆதரவில் இயங்கும் அது உலகின் வானியல் கட்டுரைகள் அனைத்தையும் தேட உதவுகிறது. ஏ.எஸ்.சி.எல். பதிவுகள் அதில் கட்டுரைகளுக்கு இணையாக இடம்பெறுகின்றன. அதனால் ஒரு நிரலை எத்தனை ஆய்வுகள் மேற்கோள் காட்டின என்று எண்ண முடிகிறது. வேலை நியமனமும் பதவி உயர்வும் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து நடக்கும் உலகில், நிரல் எழுதியவரின் உழைப்பு கணக்கில் ஏறும் வழி இதுவே.

எவ்வளவு நிரல் இன்னும் வெளியே வராமல் இருக்கிறது என்பதை ஏ.எஸ்.சி.எல். குழுவினரே 2018இல் அளந்து பார்த்தார்கள். 2015இல் வெளியான 166 கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பெயர் சொல்லப்பட்ட ஒவ்வொரு மென்பொருளையும் தேடினார்கள். வகைப்படுத்த முடிந்த 285 தனித்தனி நிரல்களில் 58 விழுக்காட்டுக்கு மட்டுமே மூலநிரல் பதிவிறக்கக் கிடைத்தது. அதே ஆண்டில் ஓர் இதழில் வந்த கட்டுரைகள் தந்த இணைய முகவரிகளையும் சோதித்தார்கள். வெளியாகி மூன்றே ஆண்டுக்குள் குறைந்தது பத்தில் ஒன்று வேலை செய்யவில்லை.

அடையாற்றில் பிறந்த மாயாவி

சென்னையில் எழுதிய ஓர் அறிவியல் நிரல் உலகம் முழுவதும் பரவிய கதையில், மேற்கோள் சிக்கல் முழுமையாகத் தெரிகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபு ராமச்சந்திரன் ஐ.ஐ.டி. மெட்ராஸில் வானூர்திப் பொறியியல் ஆய்வு மாணவர். பாய்மங்களின் ஓட்டத்தைக் கணிக்கும்போது கிடைக்கும் முப்பரிமாண எண்தொகுதியைப் படமாக்கிப் பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது. விலைக்குக் கிடைத்த மென்பொருள்கள் மாணவர் வாங்கக்கூடிய விலையில் இல்லாத காலம். வி.டி.கே. என்ற திறந்த மூல வரைகலைத் தொகுப்பின் மேல் பைத்தானில் அவர் எழுதிய கருவிதான் மாயாவி. 1998இல் சென்னை லினக்ஸ் பயனர் குழுவைத் தொடங்கியவரும் அவரே. நிரலைப் பகிர்வது அந்த வட்டத்தில் இயல்பான பழக்கம்.

மாயாவி பற்றிய முதல் கட்டுரை 2001 ஆகஸ்டில் இந்திய வானூர்தியியல் சங்கத்தின் கருத்தரங்கு ஒன்றில் வந்தது. நிரல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில் இலவசமாகக் கிடைத்தது, தளர்வான பி.எஸ்.டி. உரிமத்தோடு வந்ததால் எவரும் தங்கள் நிரலுக்குள் அதை இணைத்துக்கொள்ள முடிந்தது. பின்னர் அமெரிக்காவின் என்தாட் நிறுவனத்தின் ஆதரவில் அது புதிதாக எழுதப்பட்டது. பிரான்சின் கயேல் வாரோக்கோவும் சேர்ந்துகொண்டார். இருவரும் எழுதிய விரிவான கட்டுரை 2011இல் 'கம்ப்யூட்டிங் இன் சயன்ஸ் அண்ட் எஞ்சினியரிங்' இதழில் வெளிவந்தது. பாய்ம இயக்கவியலுக்காக எழுதிய கருவியை வானியற்பியலாளர்களும் எடுத்துக்கொண்டார்கள், ஏ.எஸ்.சி.எல். பதிவேட்டிலும் அது ஏறியது.

ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். முதல் வெளியீட்டுக்கும், எல்லோரும் மேற்கோள் காட்டத்தக்க இதழ்க் கட்டுரைக்கும் இடையே பத்தாண்டுகள். அந்தக் காலத்தில் மாயாவியில் படம் வரைந்து வெளியிட்டவர்கள், விரும்பினாலும் அதை முறையாகச் சுட்டுவதற்கு நல்ல வழி இல்லை. கட்டுரை எழுதினால்தான் நிரலுக்குப் பெயர் கிடைக்கும் என்பது ஆராய்ச்சியாளர் மேல் சுமத்தப்பட்ட இரட்டை வேலை. இதைக் குறைக்கவே 2016இல் 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' தொடங்கியது. அதில் கட்டுரை ஓரிரு பக்கந்தான். நடுவர்கள் நிரலையே நிறுவி, இயக்கி, ஆவணங்களைப் படித்துப் பார்த்து மதிப்பிடுகிறார்கள்.

மற்ற துறைகள்

உயிரியலிலும் வேதியியலிலும் நிரலின் பிழை எவ்வளவு பெரிய சேதம் தரும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. 2006இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்று செல் சவ்வுப் புரதங்களின் அமைப்பைப் பற்றிய ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. வேறோர் ஆய்வகத்திலிருந்து கைமாறி வந்த நிரல் தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டது. அதனால் புரதத்தின் உருவமே புரண்டுபோனது. அந்த நிரல் வெளியார் கண்ணில் படாததால், பிழை ஐந்தாண்டுக்கும் மேல் தெரியவில்லை.

இரண்டாவது, 2014இல் ஒரு வேதியியல் கட்டுரையோடு வெளியான சிறு பைத்தான் ஸ்க்ரிப்ட். கோப்புறையிலுள்ள கோப்புகளை வரிசையாக எடுத்துக் கணிப்பது அதன் வேலை. கோப்புகளை எந்த வரிசையில் தருவது என்பதை விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒவ்வொன்றும் தன் போக்கில் முடிவு செய்யும். நிரலோ அகரவரிசையில் வரும் என்று நம்பியிருந்தது. விளைவு, ஒரே தரவுக்குக் கணினியைப் பொறுத்து வேறு வேறு விடை. ஹவாய் பல்கலைக்கழகக் குழு 2019இல் இதைக் கண்டுபிடித்தது. வரிசைப்படுத்தும் ஒரு வரியைச் சேர்த்ததும் பிழை தீர்ந்தது. கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், எழுதியவர்கள் நிரலைக் கட்டுரையோடு சேர்த்து முழுதாகக் கொடுத்திருந்தார்கள். பகிர்ந்தவர்களின் பிழை வெளியே தெரிகிறது என்பதற்காகப் பகிராதவர்களிடம் பிழையில்லை என்று எண்ணக் கூடாது.

துறைக்கொரு பதிவேடு இப்போது உண்டு. உயிரியலுக்கு பயோ.டூல்ஸ், கணிதத்துக்கு எஸ்.டபிள்யூ.மேத், புள்ளியியலில் ஆர் மொழித் தொகுப்புகளுக்கு கிரான். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ராகுல் சித்தார்த்தன், எரிக் சிகியா, எரிக் வான் நிம்வேகன் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய ஃபைலோகிப்ஸ் இந்த வகையில் சென்னைக்குத் தொடர்புள்ள ஒன்று. டி.என்.ஏ.வில் மரபணுக்களை இயக்கும் புரதங்கள் ஒட்டிக்கொள்ளும் இடங்களைக் கண்டறியும் நிரல் அது, 2005இல் பி.எல்.ஓ.எஸ். இதழில் கட்டுரை வெளியானபோது நிரலும் பொதுவில் கிடைத்தது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் ஜயந்த் மூர்த்தி குழுவினர், ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தின் புற ஊதாத் தொலைநோக்கித் தரவுக்காக எழுதிய ஜூட் என்ற பைப்லைனும் இப்படித் திறந்துவைக்கப்பட்டது. ஆஸ்ட்ரோசாட் விண்ணில் ஏறியது 2015 செப்டம்பர் 28. விண்கலத்தின் தரவு பொதுமக்களுக்குத் திறக்கும்போது, அதை அறிவியலாக மாற்றும் நிரலும் உடன் திறந்தால்தான் சிறு கல்லூரியில் இருக்கும் மாணவருக்கு அந்தத் தரவால் பயன் உண்டு.

வைக்கும் இடமும் உரிமமும்

பதிவேடு இடத்தைக் காட்டும். இடமே இல்லாமல் போனால் என்ன செய்வது? கூகுள் கோட் என்ற தளத்தில் ஏராளமான நிரல்கள் இருந்தன. அதை மூடப்போவதாக 2015 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. 2016 ஜனவரியில் மூடியது. இன்று பெரும்பாலோர் நம்பியிருக்கும் கிட்ஹப்பும் ஒரு நிறுவனத்தின் சொத்துதான். வேலை செய்வதற்கு அது சிறந்த இடம், நெடுங்காலப் பாதுகாப்புக்கு அல்ல.

பாதுகாப்புக்கு இரண்டு வழிகள் நிலைபெற்றுள்ளன. செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்தும் ஜெனோடோ, நிரலின் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியே நிலையான டி.ஓ.ஐ. எண் தருகிறது. எல்லாப் பதிப்புகளையும் சேர்த்துக் குறிக்க இன்னோர் எண்ணும் உண்டு. எந்தப் பதிப்பால் கணித்தோம் என்று துல்லியமாகச் சொல்ல இது உதவும். பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ், உலகில் பொதுவில் கிடைக்கும் மூலநிரல் அனைத்தையும் தானே தேடித் திரட்டுகிறது. அது தரும் அடையாளம் நிரலின் உள்ளடக்கத்திலிருந்தே கணிக்கப்படுகிறது. நிரலில் ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் வேறாகிவிடும். வாக்கியகரணச் சுவடிகளை ஒப்பிட்டவர்களுக்கு இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் எத்தனை ஆண்டு உழைப்பு மிஞ்சியிருக்கும்!

உரிமத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்க்கிறது. எழுதியவர் எதுவும் சொல்லாமல் நிரலை இணையத்தில் இட்டால் எல்லா உரிமையும் அவரிடமே (அல்லது அவர் வேலை செய்யும் நிறுவனத்திடமே) இருக்கும்; மற்றவர் படிக்கலாம், திருத்தி வெளியிட முடியாது. ஜி.பி.எல்., எம்.ஐ.டி., பி.எஸ்.டி. போன்ற உரிமங்களில் ஒன்றின் வாசகத்தை ஒரு கோப்பாக நிரலோடு சேர்த்தால் இந்தத் தடை நீங்கும். கூடவே, எப்படி மேற்கோள் காட்ட வேண்டும் என்று சொல்லும் 'சைட்டேஷன்' கோப்பு ஒன்றும் இருந்தால் பயனர் தேட வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்து அரைமணி நேர வேலை.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்வடிவம் சோத்கங்கா தளத்தில் சேர்கிறது. சென்னைப் பல்கலைக்கழக, அண்ணா பல்கலைக்கழக ஆய்வேடுகளும் அங்கே உள்ளன. ஆய்வேட்டின் எண்களைத் தந்த நிரலையும் அதே விதியின் கீழ் கேட்டு வாங்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை. ஆய்வேட்டில் ஒரு பக்கமும், நிரல் இருக்கும் நிலையான எண்ணும் போதும்.

ஓடுமா?

சேமித்த நிரல் ஓடும் என்ற உறுதி இல்லை. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதில் எழுதிய எண்ணற்ற அறிவியல் நிரல்களைப் பைத்தான் 3-க்கு மாற்றி எழுத வேண்டியிருந்தது. நிரல் சார்ந்திருக்கும் வேறு தொகுப்புகள், அவை சார்ந்திருக்கும் இயங்குதளம் என்று அடுக்கடுக்காக மாற்றங்கள் வருகின்றன. 'ரீசயன்ஸ்' இதழைச் சேர்ந்தவர்கள் 2019இல் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு சவால் விடுத்தார்கள்: பத்தாண்டுக்கு முன் எழுதிய உங்கள் சொந்த நிரலை இன்று இயக்கிக் காட்டுங்கள். பங்கெடுத்தவர்கள் பழைய வட்டுகளையும் மறந்துபோன கோப்புறைகளையும் தோண்ட வேண்டியிருந்தது. எந்தெந்தத் தொகுப்பின் எந்தெந்தப் பதிப்பு தேவை என்ற பட்டியலை நிரலோடு வைப்பதும், சூழல் முழுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவைக்கும் கன்டெய்னர் முறையும் இதற்கு இன்று கிடைக்கும் தீர்வுகள். அவையும் பத்தாண்டுக்கு ஒருமுறை கவனிப்பு கேட்பவைதான்.

ஓடாத நிரலுக்கும் மதிப்பு உண்டு. பின்புல ஒளியை மதிப்பிட எந்தச் சூத்திரம் பயன்பட்டது, எந்த எல்லைக்கு மேல் ஒரு புள்ளி விண்மீன் எனக் கொள்ளப்பட்டது என்பனவற்றை மூலநிரலைப் படித்தே அறியலாம். அதனால்தான் ஏ.எஸ்.சி.எல். ஆசிரியர்கள் பழைய நிரல்களின் பதிவுகளை நீக்குவதில்லை. முகவரிகள் வேலை செய்கின்றனவா என்று சோதித்து, செத்துப்போனவற்றுக்கு எழுதியவரைத் தேடிப் பிடித்து மின்னஞ்சல் அனுப்பி, நிரல் இடம் மாறியிருந்தால் புதிய முகவரியைப் பதிவில் ஏற்றுகிறார்கள்.